கியர் பொக்ஸைத் திறப்பதற்கு முன்: பழைய காரின் கியர் லீவரைப் பராமரிப்பதும் மாற்றுவதும்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள் நடுவீதியில் நிற்கும். அவை விலகும்வரை காரை நிறுத்தி, மறுபடி முதலாம் கியரில் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்த இடத்தில்தான் சிக்கியது. ஸ்ரேறிங்கோடு இருக்கும் கியர் லீவர் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பின்னால் பூசைக்குப் போகும் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளிக் கரையில் விட்டோம்.

அடுத்த வாரம் ஒரு கராஜில் கியர் பொக்ஸை இறக்கினார்கள். திறந்து, பெயாரிங் மாற்றி, பத்து நாள் கழித்துத் தந்தார்கள். இரண்டு நாளில் மறுபடி அதே சிக்கல். கடைசியில் நானே பொனெற்றைத் திறந்து, ஒவ்வொரு மூட்டாகக் கையால் தடவிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. பென்சில் தடிப்பில் ஒரு பின். வெளியே இழுத்துப் பார்த்தால் நடுப்பகுதி உடுக்கைபோல ஒடுங்கித் தேய்ந்திருந்தது. அது நுழைந்திருந்த துளை வட்டமாக இல்லை, புளியங்கொட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கடைச்சல் பட்டறையில் ஒரு பின்னும், துளைக்குள் இறுக்கும் பித்தளை வளையமான ஒரு புஷ்ஷும் செய்வித்துப் போட்டேன். அதன்பின் அந்த லீவர் சிக்கியதே இல்லை.

பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்களுக்கும், தாத்தாவின் காரை மறுபடி ஓடவைக்க நினைப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கியர் விழவில்லை என்றால் கியர் பொக்ஸில் தொடங்காதீர்கள். கையில் பிடிக்கும் லீவரிலும் காலில் மிதிக்கும் கிளச்சிலும் தொடங்குங்கள். பொக்ஸைத் திறக்கும் வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

உங்கள் காரில் இருப்பது எது

நம் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய கார்களில் மூன்று விதமான அமைப்புகளைப் பார்க்கலாம்.

முதலாவது, தரையிலிருந்து நேரே எழும் நீண்ட லீவர். அதன் அடிநுனி கியர் பொக்ஸின் மூடிக்குள்ளேயே இறங்கி, உள்ளே இருக்கும் கம்பிகளைத் தள்ளும். 803 சீசீ எஞ்சினோடு வந்த மொறிஸ் மைனரில் இதுதான். இரண்டாவது, அதே தரை லீவர்தான். ஆனால் பொக்ஸின் பின்புறம் நீட்டிய ஓர் உறைக்குள் தண்டு ஓடி, லீவர் குட்டையாக ஓட்டுநரின் கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 1956இல் வந்த மைனர் 1000 இப்படி.

மூன்றாவது, ஸ்ரேறிங் கியர். 1930களின் முடிவில் அமெரிக்காவில் பரவியது. முன் ஆசனம் நீளமாக இருந்தால் மூன்று பேர் இருக்கலாம், நடுவில் லீவர் இடிக்காது என்பதுதான் காரணம். சொமர்செற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ50, 1950களின் ஹில்மன் மிங்ஸ், பியூஜோ 203, 403, 404 எல்லாம் இந்த வகை. கேம்பிறிட்ஜின் பிந்திய மொடல்களில் தரைக் கியரும் வந்தது. ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு கார்களில் இரண்டு விதமான லீவர் இருக்கும். உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது கார் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வேறு சாமான்தான் கையில் கிடைக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மைனரிலும் அக்கால ஒஸ்ரின்களிலும் முதலாம் கியருக்குச் சிங்க்றோமெஷ் கிடையாது. 1928இல் கடிலாக் கொண்டுவந்த அந்தப் பித்தளைக் கூம்பு, இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திய பிறகே அவற்றைப் பூட்டவிடும். அது இல்லாத கியரை ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல்லோடு பல் அரையும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைப் பழுது என்று நினைத்துக் கராஜுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அது பழுதில்லை, அந்தக் காரின் இயல்பு. கார் முற்றாக நின்ற பிறகே முதலாம் கியரைப் போடுங்கள்.

ஸ்பனரை எடுக்குமுன் செய்யும் சோதனைகள்

சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, மெதுவாக ஓடவிடுங்கள். கிளச்சை முழுதாக மிதித்து ஐந்து செக்கன் காத்திருங்கள். அப்புறம் றிவேர்ஸ் கியரைப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளச் சரியாக விடுபடுகிறது. ஐந்து செக்கனுக்குப் பிறகும் கரகரவென்று அரைத்தால், கிளச் முழுதாக விடவில்லை. எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் வெண்ணெய்போல விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தாலும் குற்றவாளி கிளச்தான். அதற்குக் கியர் பொக்ஸைக் கழற்றுவது தலைவலிக்குக் காலில் மருந்து கட்டுவது மாதிரி.

மைனரில் கிளச் பெடலிலிருந்து பொக்ஸ்வரை இரும்புத் தண்டுகள்தான் இழுக்கின்றன. இடையில், சஸிக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவே, ஒரு குறுக்குத் தண்டு இரண்டு புஷ்களில் சுழலும். காருக்கு அடியில், சேறும் தண்ணீரும் நேரே அடிக்கும் இடம். அந்தப் புஷ் தேய்ந்தால் பெடலின் பாதித் தூரம் வீணாகப் போகும். பெடலை எவ்வளவு சரிசெய்தாலும் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். முதலில் புஷ்ஷை மாற்றுங்கள், பிறகு பெடலைச் சரிசெய்யுங்கள். பெடலை விரலால் அழுத்தினால் கைநூலில் சொன்ன அளவுக்கு எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், உள்ளே அழுத்தும் கரி வளையம் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். கிளச் பெடலில் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கமும் அதே வளையத்தைத்தான் தின்கிறது. கேம்பிறிட்ஜ் போன்ற ஒயிலில் இயங்கும் கிளச் என்றால், குப்பியில் திரவ மட்டத்தையும், கியர் பொக்ஸ் பக்கத்துச் சிறு சிலிண்டரின் றப்பர் உறையைச் சற்றுத் தூக்கி உள்ளே ஈரமிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது மவுண்டிங். எஞ்சினும் கியர் பொக்ஸும் றப்பர்மீது உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ரேறிங் கம்பமோ உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. றப்பர் நைந்து எஞ்சின் ஒரு பக்கம் தாழ்ந்தால், இரண்டுக்கும் இடையே ஓடும் கம்பிகளின் கோணமே மாறிவிடும். ஒருவரைக் கிளச்சை மெதுவாக விடச் சொல்லி, கை பிறேக்கை இழுத்தபடி, எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு நேர்முன்னே நிற்கவே வேண்டாம். ஓடும்போது கியர் தானாக வெளியே தள்ளுப்படுவதற்கும் நைந்த மவுண்டிங் ஒரு காரணம்.

அப்புறம் காதைத் தீட்டுங்கள். நியூற்றலில், கிளச்சை மிதிக்காதபோது இரைச்சல் இருந்து, மிதித்ததும் அடங்கினால் பொக்ஸின் உள்ளே பெயாரிங் தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் கிளச்சை அழுத்தும் வளையம். நாலாம் கியரில் அமைதி, மற்றெல்லாவற்றிலும் இரைச்சல் என்றால் பொக்ஸின் அடியில் ஓடும் கீழ்த்தண்டும் அதன் பெயாரிங்குகளும். ஏனென்றால் நாலாம் கியரில் சக்தி கீழ்த்தண்டு வழியாகப் போவதில்லை, நேரே போகிறது. முதலாம் கியரிலும் றிவேர்ஸிலும் வரும் ஊளைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நேராக வெட்டிய பற்கள் அப்படித்தான் பாடும்.

ஒயில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நல்ல மனதோடு செய்யும் பெரிய பிழை இதுதான்: கடையில் இருக்கும் விலை கூடிய, தடித்த கியர் ஒயிலை வாங்கி ஊற்றிவிடுவார்கள். மொறிஸ் மைனரின் கியர் பொக்ஸுக்குக் கைநூலில் சொல்லப்பட்டிருப்பது எஞ்சின் ஒயில். எஸ்.ஏ.ஈ 30, அல்லது இந்நாளில் 20டபிள்யூ-50. அளவு 1.3 லீற்றர். 90 நம்பர் ஒயில், பின்சில்லுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சலுக்கு உரியது. இரண்டையும் மாற்றி ஊற்றினால் சிங்க்றோமெஷ்ஷின் பித்தளைக் கூம்பு தடித்த ஒயிலை வெட்டிப் பிடிக்க முடியாமல் வழுக்கும். இரண்டாம் கியர் அரைக்கும். மற்றக் கார்களுக்கு அவற்றின் கைநூலைப் பார்த்து ஊற்றுங்கள். கியர் ஒயில்தான் போட வேண்டிய கார் என்றால் போத்தலில் ஜி.எல்-4 என்று இருக்கிறதா பாருங்கள். ஜி.எல்-5இல் கந்தகமும் பொஸ்பரசும் கூடிய சேர்மானம் அதிகம். பித்தளை, வெண்கலப் பாகங்களுக்கு அது ஆகாது.

மைனரில் ஒயில் பார்க்க, முன்பக்கக் கம்பளத்தை விலக்கித் தரையில் உள்ள றப்பர் மூடியை எடுங்கள். உள்ளே நிரப்பும் துளையின் திருகு தெரியும். துளையின் விளிம்புவரை ஒயில் இருந்தால் போதும். கார் சமதரையில் நிற்க வேண்டும். ஒயிலை வடிக்கும்போது அதை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். மினுமினுக்கும் மஞ்சள் தூள் பித்தளைக் கூம்பின் தேய்வு; கொஞ்சம் இருந்தால் கவலையில்லை. இரும்புச் சிதறல் நகக்கண் அளவில் வந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அந்தக் கடைசிச் சிக்கல் எங்கள் பக்கத்தில் சாதாரணம். மாரியில் வீதியில் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு நிற்கும்போது சூடான பொக்ஸோடு அதற்குள் இறங்கினால், பொக்ஸ் திடீரெனக் குளிர்ந்து, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அப்படி ஒரு நாள் ஓடியிருந்தால் அடுத்த நாளே ஒயிலை மாற்றுங்கள். மாரி முடியட்டும் என்று தை மாதம்வரை விட்டால் பெயாரிங்கில் துரு பிடித்துவிடும்.

தரை லீவர்: ஒரு காலைப்பொழுது வேலை

லீவரை நியூற்றலில் வைத்து, தரையில் உள்ள றப்பர் உறையைத் தூக்குங்கள். அடியில் லீவரைப் பிடித்திருக்கும் மூடியின் மூன்று போல்ட்களையும் கழற்றினால் லீவர் மேலே வரும். கழற்றும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு சிறிய ஸ்பிறிங்கும் முளையும் துள்ளிப் பாயலாம். லீவர் அதிராமல் பிடித்திருப்பவை அவைதான். முன்கூட்டியே ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். லீவர் வெளியே வந்ததும் துளையையும் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷருக்காக முழுப் பொக்ஸையும் இறக்க வேண்டி வரும்.

லீவரின் அடிக் குண்டைப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், லீவர் கஞ்சிக் கரண்டிபோலச் சுற்றி அலையும். வெல்டிங் வைத்து மறுபடி உருண்டையாகக் கடையலாம். புஷ் உள்ள வகையில் புதுப் புஷ் போட்டாலே போதும். ஸ்பிறிங்கை இழுத்து நீட்டித் திரும்பப் போடாதீர்கள், புதியதை வாங்குங்கள். கிறீஸ் மெல்லிய பூச்சாகப் போதும்.

றப்பர் உறை கிழிந்திருந்தால் அதே நாளில் மாற்றுங்கள். நிலாவெளிப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன். கச்சான் காற்றுக் காலத்தில் பறக்கும் மணல் அந்தக் கிழிசலால் இறங்கிக் கிறீஸோடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது கிறீஸ் அல்ல, அரத்தூள்.

ஸ்ரேறிங் கியர்: இங்கேதான் பொறுமை வேண்டும்

ஸ்ரேறிங் லீவரின் அசைவு இரண்டாகப் பிரிகிறது. லீவரை உங்கள் பக்கம் இழுப்பதும் விடுவதும் எந்த வரிசை என்பதைத் தெரிவு செய்கிறது: ஒன்று-இரண்டா, மூன்று-நாலா, றிவேர்ஸா. மேலும் கீழும் அசைப்பது அந்த வரிசைக்குள் கியரைப் போடுகிறது. கம்பத்தோடு ஒட்டி இறங்கும் ஒரு தண்டு இரண்டு அசைவுகளையும் கீழே கொண்டுபோகும். அடியில் இரண்டு குட்டி லீவர்கள். அவற்றிலிருந்து கம்பிகள், சில கார்களில் ஒரு கேபிள், பொக்ஸின் பக்கத்துக்குப் போகும். வழியில் எத்தனை மூட்டு இருக்கிறதோ அத்தனை பின், அத்தனை புஷ். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் தேய்ந்தாலும் எல்லாம் கூடி, லீவரின் நுனியில் விரல்கணக்கான ஆட்டமாகத் தெரியும். அப்படி ஆடும்போதுதான் ஒரு வரிசையை விட்டு முழுதாக வெளியேறாமலே அடுத்த வரிசையைப் பிடிக்கப் போய்ப் பூட்டிக்கொள்கிறது. எங்கள் கார் மான்களுக்கு முன்னால் செய்தது அதைத்தான்.

வீதியில் இப்படிப் பூட்டிக்கொண்டால்: எஞ்சினை நிறுத்துங்கள், கை பிறேக்கை இழுங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள். பொனெற்றைத் திறந்து கம்பத்தின் அடியில் இருக்கும் இரண்டு குட்டி லீவர்களையும் பாருங்கள். நியூற்றலில் இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகி நிற்பதைக் கையால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ‘டக்’ என்று விடும். சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கும், துணியைச் சுற்றிக்கொண்டு கையை விடுங்கள். வீடு போய்ச் சேர இது போதும். சேர்ந்ததும் மேற்கொண்டு ஓட்டாமல் வேலையைத் தொடங்குங்கள்.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முதலில் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எல்லா மூட்டையும் கழுவுங்கள். ஐம்பது வருட அழுக்கு கிறீஸோடு இறுகித் தேய்வை மறைத்துவைத்திருக்கும். காய்ந்ததும் ஒருவரை ஆசனத்தில் இருத்தி, எஞ்சின் ஓடாமல், லீவரை மிக மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் அசையத் தொடங்கியும் மறுபக்கம் அசையாமல் நிற்கும் கணத்தை விரல் உணரும். கண்ணைவிட விரல் நம்பகமானது. தேய்ந்த ஒவ்வொரு மூட்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள்.

கழற்றுமுன் இரண்டு படிகள். கைப்பேசியில் படம் எடுங்கள். கம்பி நுனிகளில் லொக் நட்டுக்கு வெளியே எத்தனை புரி தெரிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். அந்த எண் உங்களிடம் இருந்தால் எந்தக் குழப்பத்திலிருந்தும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பின்களைக் கழற்றிக் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் புதுப் பின்னை மட்டும் போடுவதில் பயனில்லை. துளையை வட்டமாகப் பெருப்பித்துப் புஷ் இறுக்க வேண்டும். புஷ் எதில் செய்வது என்று கேட்பார்கள். நான் பித்தளை அல்லது வெண்கலம் என்பேன். நைலோன் ஈரத்தை உறிஞ்சிச் சற்று ஊதும். உப்புக்காற்றும் மாரியும் உள்ள எங்கள் ஊரில் மார்கழியில் இறுகி ஆடியில் தளர்கிறது. பிளாஸ்ரிக்தான் வேண்டுமென்றால் டெல்றின் கேளுங்கள், அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு. பின் விரலால் தள்ளும்போது வழுக்கிப் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஸ்பிளிட் பின்களை எப்போதும் புதிதாகவே போடுங்கள்.

பூட்டும்போது பொக்ஸின் பக்கத்து லீவர்களை நியூற்றலில் வையுங்கள். ஆசனத்தில் இருப்பவர் மேல் லீவரையும் நியூற்றலின் நடுவில் பிடித்திருக்கட்டும். இந்த நிலையில் கம்பியின் நுனி துளைக்கு நேராக வந்து, பின் தானாக நுழைய வேண்டும். சுத்தியலால் தட்டி நுழைக்க வேண்டியிருந்தால் நீளம் பிழை. லொக் நட்டைத் தளர்த்தி, நுனியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். தெரிவு செய்யும் கம்பியை முதலில் சரிசெய்து, கியரைப் போடும் கம்பியைப் பிறகு தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருப்பத் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும். கடைசியில் ஒவ்வொரு கியரையும் போட்டு, லீவர் அதன் எல்லையில் முட்டுவதற்குச் சற்று முன்பே பொக்ஸுக்குள் கியர் முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். லீவர் முதலில் முட்டினால் கியர் பாதிதான் பூட்டியிருக்கும். ஏற்றத்தில் வெளியே தள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, முக்கியமாகக் கார்த்திகைக்கு முன் ஒரு முறை, எல்லா மூட்டையும் கழுவிக் கிறீஸ் போடுங்கள். கடற்கரையோரம் காரை நிறுத்துகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

மாற்றுவதா, விடுவதா

ஸ்ரேறிங் கியரைத் தரைக் கியராக மாற்றலாமா, ஐந்தாம் கியர் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் நல்ல நிலையில் உள்ள ஸ்ரேறிங் கியரை ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தேய்ந்த ஒன்றை மட்டும் ஓட்டியவர்கள்தான் அதை வெறுக்கிறார்கள்.

அப்படியும் வேண்டுமென்றால், ஒரே வழிதான் சரியானது என்பது என் எண்ணம்: அதே குடும்பத்துக் காரின், தொழிற்சாலையிலேயே தரைக் கியராகச் செய்யப்பட்ட முழுப் பொக்ஸைத் தேடி எடுப்பது. கேம்பிறிட்ஜுக்கு அது சாத்தியம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். லீவர், மேல்மூடி, பின் மவுண்டிங், தரைத் தகடு எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து சேர்த்து வாங்குங்கள். பழைய பக்க லீவர்களோடு ஒரு கம்பியை வெல்டிங் வைத்துத் தரையைத் துளைத்து மேலே கொண்டுவரும் வேலையையும் பார்த்திருக்கிறேன். இரண்டு அசைவுகளை ஒரு கம்பியால் சரியாகக் கொண்டுபோக முடிவதில்லை, அதை விட்டுவிடுங்கள்.

மைனர்காரர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. 1962இல் 1098 சீசீ எஞ்சினோடு வந்த பொக்ஸ் முந்திய 948 சீசீ மொடலின் பொக்ஸைவிட உறுதியானது, சிங்க்றோமெஷ்ஷும் மேலானது. கிளச் விட்டம் ஆறேகால் அங்குலத்திலிருந்து ஏழேகால் ஆனது. ஆகவே பிளைவீல், கிளச், பின்தகடு எல்லாவற்றையும் ஒரு தொகுதியாகவே வாங்க வேண்டும்.

ஐந்தாம் கியருக்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 948இன் டிபரன்சல் விகிதம் 4.55, 1098இனது 4.22. மைனரின் 14 அங்குலச் சில்லோடு மணிக்கு 70 கிலோமீற்றரில் முதலாவது நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று சுற்றும்; இரண்டாவது சுமார் 2,700. அதற்குமேல் 0.82 விகிதத்தில் ஐந்தாம் கியர் வைத்தால் 2,200 அளவுக்கு இறங்கும். எங்கள் வீதிகளில் ஊருக்கு வெளியே காருக்குள்ள வேக எல்லையே 70தான். கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொழும்புக்கு அடிக்கடி போகிறவருக்கு ஐந்தாம் கியர் காதுக்கும் எஞ்சினுக்கும் சுகம். திருகோணமலைக்குள்ளும் நிலாவெளிக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு 4.22 டிபரன்சல் போதும். அதை மாற்றினால் வேகமானி குறைத்துக் காட்டும் என்பதை மறக்காதீர்கள்: 60 காட்டும்போது உண்மையில் 65 அளவில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஐந்து கியர்தான் என்று முடிவு செய்தால், போர்ட் சியாறாவின் ரைப் 9, ரொயோட்டாவின் ரி50 இரண்டுமே மைனருக்குப் பல இடங்களில் பொருத்தப்பட்டவை. வாங்குமுன் வேர்ணியர் அளவுகோலோடு போங்கள். முன்தண்டு எவ்வளவு நீட்டியிருக்கிறது, அதன் நுனி எஞ்சின் தண்டின் நடுப் புஷ்ஷுக்குள் போகுமா, தண்டில் வெட்டிய நீளப் பள்ளங்கள் எத்தனை, கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் ஆழம், பின் மவுண்டிங் எங்கே வருகிறது, லீவர் தரையின் எந்த இடத்தில் மேலே வரும், வேகமானிக் கேபிள் பொருந்துமா என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். கிளச் தட்டின் வெளிவிட்டம் உங்கள் எஞ்சினுக்கும், நடுப் பள்ளங்கள் புதிய பொக்ஸுக்கும் பொருந்த வேண்டும். பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் புறொப்பெல்லர் ஷாப்டை வெட்டி நீளம் மாற்றினால், நிறுவை சமப்படுத்தாமல் பூட்டாதீர்கள். 50ஐத் தாண்டியதும் கார் முழுக்க நடுங்கும். பொக்ஸோடு சேர்த்து எஞ்சினையும் மாற்றுகிறீர்களென்றால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும்.

எதைச் செய்தாலும் காரின் உடலை வெட்டாதீர்கள். மைனரின் கியர் பொக்ஸ் மேல்தகடு போல்ட் போட்டுப் பூட்டியது. கழற்றி வைத்துவிட்டு, வேறொரு தகட்டில் புதுத் துளையை இடுங்கள். பழைய பொக்ஸ், கம்பிகள், லீவர், ஒவ்வொரு பின்னையும் ஒயில் பூசி, கடதாசியில் சுற்றி, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்தக் காரை எடுப்பவர் அந்தப் பெட்டியைத் தேடுவார்.

பொக்ஸை இறக்கும் நாள்

சீமெந்துக் கல்லை முட்டுக்கொடுத்துக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். அது சொல்லாமல் வெடிக்கும். இரும்பு ஸ்ராண்ட் நாலு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பற்றறி இணைப்பைக் கழற்றுங்கள். பொக்ஸைப் பின்னால் இழுக்கும்போதும் திரும்ப ஏற்றும்போதும் அதன் பாரத்தை முன்தண்டில் தொங்கவிடாதீர்கள். ஒரு கணம் தொங்கினாலே கிளச் தட்டு வளையும். இன்னொருவர் அடியில் ஜக்கோடு தாங்கியிருக்க வேண்டும். பழைய கிளச் தட்டுகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்தை அதிகாலையில் வையுங்கள். உவர்மலை ஏற்றத்தில் காரை நிறுத்தி, முதலாம் கியரில் எடுத்து இரண்டாம் கியருக்கு மாற்றுங்கள். கிளச் வழுக்குவதும் கியர் வெளியே தள்ளுவதும் அங்கே தெரிந்துவிடும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் அக்சிலேற்றரை விட்டு இறங்குங்கள்; பாரம் எதிர்த்திசையில் வரும்போதும் கியர் நிற்க வேண்டும். பிறகு உப்புவெளி தாண்டி நிலாவெளி வீதியின் நேரான துண்டில் நாலாம் கியர்.

அந்த வீதியில் வாகனம் குறைந்த நேரத்தில் இரட்டைக் கிளச்சையும் பழகுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க: கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு எடுங்கள், கிளச்சை விடுங்கள், அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி கிளச்சை மிதித்து இரண்டைப் போடுங்கள். அந்தத் தட்டு எவ்வளவு என்பது கார்களுக்குக் கார் வேறுபடும். சரியாக விழுந்த நாளில் லீவர் தானாக உள்ளே இழுபடுவதைக் கை உணரும்.

வீடு வந்ததும் காரின் அடியில் ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் மட்டையைப் பாருங்கள். மைனரின் பொக்ஸில் முன்பக்கத்துக்கு றப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் சுருள்புரி மட்டும்தான். ஆகவே பெல் ஹவுசிங்கின் கீழே இரண்டு மூன்று துளி இருந்தால் விட்டுவிடலாம். உள்ளங்கை அளவு நனைந்திருந்தால் வடிகால் திருகின் வாஷரையும் பின்பக்கச் சீலையும் பாருங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் மவுண்டிங் போல்ட்களை இன்னொரு முறை இறுக்கி, ஸ்பிளிட் பின்களை விரலால் தொட்டுப் பார்த்து, ஒயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.